மூன்று நீளம் கொடுத்தால் முக்கோணம் வருமா?

கேள்வி இதுதான்: "மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 4, 6, 10 செ.மீ. பக்கங்களுடன் முக்கோணம் வரைய முடியுமா என்ற கணக்குக்கு 'முடியும்' என்று எழுதி, தப்பு வாங்கி வந்திருக்கிறாள். 4-உம் 6-உம் சேர்ந்தால் 10 வருகிறதே, அப்புறம் ஏன் முடியாது என்கிறாள். எனக்கு விதி நினைவிருக்கிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை. மூன்று ஜோடியையும் கூட்டிப் பார்க்க வேண்டுமா? கூடுதல் அதிகமாக இருந்தால் கட்டாயம் முக்கோணம் வந்துவிடுமா?"

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நீளங்களில் பெரியது எது என்று பாருங்கள். மற்ற இரண்டையும் கூட்டினால் அதைவிட அதிகமாக வர வேண்டும். வந்தால் முக்கோணம் கட்டாயம் உண்டு. சமமாக வந்தாலும் குறைவாக வந்தாலும் கிடையாது. இதைத்தான் முக்கோணச் சமனின்மை என்கிறோம். ஒரு ஜோடியைக் கூட்டிப் பார்த்தாலே போதும். நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பது இவற்றில் மிக நல்ல கேள்வி. வகுப்பில் பெரும்பாலும் யாரும் கேட்காமல் விட்டுவிடும் கேள்வியும் அதுதான். அதற்கு விரிவாகவே வருகிறேன்.

என் அண்ணன் மகளுக்கும் இதே சந்தேகம் வந்தது. தாளில் விளக்கிப் பார்த்தேன், ஏறவில்லை. புதுத் துடைப்பத்திலிருந்து நாலைந்து ஈர்க்குச்சி உருவிக்கொண்டு வரச் சொன்னேன். ஸ்கேல் வைத்து 10, 6, 5, 4, 3 செ.மீ. நீளங்களில் வெட்டினோம். 10 செ.மீ. குச்சியை மேசையில் கிடத்தியாயிற்று. அதன் இடது முனையில் 6 செ.மீ. குச்சியின் ஒரு முனையையும், வலது முனையில் 3 செ.மீ. குச்சியின் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டு, இரண்டையும் பெரிய குச்சியின் மேலேயே படுக்க வைக்கச் சொன்னேன். நடுவில் 1 செ.மீ. இடைவெளி. "இப்போ ரெண்டையும் மெதுவா தூக்கு, நுனி ரெண்டும் சேருதான்னு பாரு" என்றேன். தூக்கினாள். "தூக்கத் தூக்க இன்னும் விலகுது சித்தப்பா!" என்றாள்.

அடுத்து 3-ஐ எடுத்துவிட்டு 4-ஐ வைத்தோம். படுக்க வைத்தால் நுனிகள் சரியாக முட்டிக்கொண்டன. கொஞ்சம் தூக்கினால் போதும், பிரிந்துவிட்டன. உங்கள் மகளின் கணக்கு இதுதான். நுனிகள் சேர்கின்றன என்று அவள் நினைத்தது சரி. ஆனால் அவை சேரும் இடம் 10 செ.மீ. குச்சியின் மேலேயே இருக்கிறது. மூன்று குச்சியும் ஒரே கோட்டில் படுத்துவிட்டன. உள்ளே இடமில்லை, மூலையில் கோணமில்லை, அதனால் அதை முக்கோணம் என்று சொல்வதில்லை. அவளிடம் "தப்பு" என்று மட்டும் சொல்லாமல், "சேருது, ஆனா எங்க சேருது பாரு" என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக 6-உம் 5-உம். படுக்க வைத்தால் 1 செ.மீ. அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. தூக்கிக்கொண்டே போனால் அந்த ஏற்றம் குறைந்து குறைந்து, ஏறத்தாழ 2.3 செ.மீ. உயரத்தில் இரண்டு நுனியும் தொட்டன. முக்கோணம் வந்துவிட்டது. கூடுதலாக இருக்கும் அந்த 1 செ.மீ.தான் குச்சிகள் மேலே எழும்புவதற்கு இடம் கொடுக்கிறது.

மூன்று ஜோடியையும் ஏன் சோதிக்க வேண்டாம் என்றால், பெரிய பக்கத்துடன் எதைக் கூட்டினாலும் மிச்சமிருக்கும் சிறிய பக்கத்தைவிட அதிகமாகத்தான் வரும். 10-உடன் 6-ஐக் கூட்டினால் 5-ஐத் தாண்டுமா என்று பார்க்கவே வேண்டாம். தவறுவதற்கு வாய்ப்புள்ள இடம் ஒன்றே ஒன்று: சிறிய இரண்டும் சேர்ந்து பெரியதைத் தாண்டுகிறதா என்பது. தேர்வில் மூன்று ஜோடியும் எழுதச் சொன்னால் எழுதட்டும், ஆனால் மனதில் இந்த ஒன்று இருந்தால் போதும்.

இரண்டு பக்கம் தெரியும், மூன்றாவது எவ்வளவு வரை இருக்கலாம் என்ற கேள்வியும் தேர்வில் வரும். அதற்கு ஒரு கவராயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் 6, இன்னொரு கால் 10. முழுக்க மூடினால் நுனிகளுக்கு இடையே 4. முழுக்க விரித்து ஒரே கோடாக்கினால் 16. நடுவில் எங்கு நிறுத்தினாலும் அது ஒரு முக்கோணம். ஆக மூன்றாவது பக்கம் 4-க்கும் 16-க்கும் இடையில் இருக்கும், இந்த இரண்டு எண்களும் சேராது. வித்தியாசத்தைவிடப் பெரியது, கூடுதலைவிடச் சிறியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

சரி, காரணத்துக்கு வருவோம். இரண்டு பக்கம் சேர்ந்து மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் நிரூபிக்க என்ன இருக்கிறது, நேர்வழிதானே குறுக்குவழி என்று பலருக்கும் தோன்றும். பழைய கிரேக்கர்கள் காலத்திலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் எழுதிய எலிமென்ட்ஸ் நூலின் முதல் பாகத்தில் 20-ஆவது தேற்றம் இதுதான். எபிகூரியர்கள் என்ற தத்துவப் பிரிவினர் இதைக் கேலி செய்தார்களாம். ஒரு முனையில் வைக்கோலை வைத்து மறுமுனையில் கழுதையை நிறுத்தினால், அது நேராகத்தான் நடக்கும், இரண்டு பக்கம் சுற்றிக்கொண்டு போகாது, கழுதைக்கே தெரிந்ததை நிரூபிக்க வேண்டுமா என்பது அவர்கள் வாதம். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் இதைக் குறிப்பிட்டுப் பதிலும் சொல்கிறார்: கண்ணுக்குத் தெரிவது வேறு, ஏன் அப்படி என்று அறிவது வேறு. நான் புரோக்ளஸ் பக்கம். நேர்கோடுதான் மிகக் குறுகியது என்பதை யூக்ளிட் எங்கும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பின் வந்த ஆர்க்கிமிடீஸ் அதை ஓர் அடிப்படை எடுகோளாகவே வைத்துக்கொண்டார். யூக்ளிட் அதைவிட எளிய விஷயங்களிலிருந்து இந்த விதியை வரவழைத்துக் காட்டுகிறார். அந்த நிரூபணம் அவ்வளவு அழகானது, ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூடவே வரைந்து பாருங்கள்.

அடிப்பக்கத்தின் இரண்டு முனைகள் ச, த. மேலே உள்ள உச்சி க. ச-விலிருந்து க வழியாக த-வுக்குப் போனால், நேராக ச-விலிருந்து த-வுக்குப் போவதைவிடத் தூரம் அதிகம் என்று காட்ட வேண்டும். சக என்ற கோட்டைக் க-வைத் தாண்டி மேலே நீட்டுங்கள். கத எவ்வளவு நீளமோ அதே நீளத்துக்கு நீட்டி, அங்கே ப என்று புள்ளி வையுங்கள். இப்போது வளைந்து போன வழி நேராக நிமிர்ந்துவிட்டது: சப என்ற ஒரே கோட்டின் நீளம்தான் சக, கத இரண்டின் கூடுதல். ப-வையும் த-வையும் சேருங்கள். கப-வும் கத-வும் சமம் என்பதால் கபத ஓர் இருசமபக்க முக்கோணம். அதனால் ப-வில் உள்ள கோணமும், அந்த முக்கோணத்தில் த-வில் உள்ள கோணமும் சமம். ஆனால் பெரிய முக்கோணமான சபத-வில், த-வில் உள்ள முழுக் கோணம் அதைவிடப் பெரியது, ஏனென்றால் அது அந்தச் சிறிய கோணத்தைத் தனக்குள்ளே வைத்திருக்கிறது. பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம். த-வுக்கு எதிரே இருப்பது சப. ப-வுக்கு எதிரே இருப்பது சத. ஆகவே சப பெரியது. முடிந்தது.

வளைந்த வழியை நிமிர்த்துவது என்ற ஒரே யோசனைதான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இருசமபக்க முக்கோணம் தெரியும், பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் என்பதைப் படத்தில் காட்டினால் ஏற்றுக்கொள்வாள். அதனால் இதை அவளுக்கே சொல்லிக்கொடுக்கலாம்.

இது சொல்வது என்ன என்று கவனியுங்கள். முக்கோணம் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தால், அதன் பக்கங்கள் இந்த விதிக்குக் கட்டுப்படும். அவ்வளவுதான். விதிக்குக் கட்டுப்படும் மூன்று எண்களை எடுத்துவந்தால் முக்கோணம் கிடைத்தே தீருமா என்பது தனிக் கேள்வி. நீங்கள் கடைசியில் கேட்டது அதைத்தான். யூக்ளிட் அதே பாகத்தின் 22-ஆவது கூற்றில் இதைச் செய்து காட்டுகிறார்: ஒரு பக்கத்தைக் கிடத்தி, இரு முனைகளிலும் மற்ற இரு நீளங்களை ஆரமாகக் கொண்டு வட்டம் போட்டு, வட்டங்கள் வெட்டும் இடத்தை உச்சியாக எடுத்துக்கொள்வது. நாம் பள்ளியில் கவராயம் வைத்து வரைவதும் இப்படியே. ஆனால் அந்த இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் என்பதை யூக்ளிட் நிரூபிக்கவில்லை. படத்தில் வெட்டுகின்றன, அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். கழுதைக்குத் தெரிந்ததைக்கூட நிரூபிக்கப் பாடுபட்டவரின் கண்ணிலிருந்து இது தப்பியிருக்கிறது. பிற்காலக் கணித அறிஞர்கள் இந்த ஓட்டையை அடைத்தார்கள்.

அடைக்கும் வழி நாம் மேலே பார்த்த கவராயத்திலேயே இருக்கிறது. கால்கள் 6, 10. மூடியிருக்கும்போது நுனித் தூரம் 4, முழுக்க விரித்தால் 16. மெதுவாக விரிக்கும்போது இந்தத் தூரம் தொடர்ச்சியாகக் கூடுகிறது, நடுவில் எந்த எண்ணையும் தாண்டிக் குதிப்பதில்லை. அதனால் 4-க்கும் 16-க்கும் இடைப்பட்ட ஒவ்வொரு நீளத்தையும் ஏதோ ஒரு விரிப்பில் தொட்டே ஆக வேண்டும். அந்த விரிப்பில் கவராயத்தை நிறுத்தினால் உங்கள் முக்கோணம் தயார்.

எண்களில் பார்க்க விரும்பினால் இப்படிச் செய்யலாம். பெரிய பக்கத்தை அடியில் வைத்து, உச்சியிலிருந்து செங்குத்தாக ஒரு நூல் தொங்கவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூல் அடிப்பக்கத்தைத் தொடும் இடம் எங்கே வரும் என்பதைப் பைதாகரஸ் தேற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இடது பக்கத்தின் வர்க்கத்தையும் அடிப்பக்கத்தின் வர்க்கத்தையும் கூட்டி, வலது பக்கத்தின் வர்க்கத்தைக் கழித்து, அடிப்பக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால், இடது முனையிலிருந்து அந்த இடத்தின் தூரம் வரும். அடி 8, இடது 5, வலது 4 என்றால் 25 + 64 − 16 = 73, அதை 16-ஆல் வகுத்தால் 4.5625. இடது குச்சியின் நீளம் 5, அது இந்தத் தூரத்தைவிடப் பெரியது. அதனால் சாய்ந்து மேலே எழும்ப முடிகிறது, உயரம் சுமார் 2.05.

இப்போது அடி 8, இடது 4, வலது 3 என்று போடுங்கள். 16 + 64 − 9 = 71, 16-ஆல் வகுத்தால் 4.4375. இங்கேதான் விஷயம் உடைகிறது. நூல் தொட வேண்டிய இடம் 4.4375 தூரத்தில் இருக்கிறது, நம் குச்சியோ 4 நீளம்தான். படுத்துக்கொண்டு எட்டினாலும் எட்டாது. உயரத்தின் வர்க்கம் 16 − 19.69, அதாவது சுமார் −3.69. ஓர் உயரத்தின் வர்க்கம் எதிர்ம எண்ணாக இருக்க முடியாது. முக்கோணம் கிடையாது என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

பரப்பளவுக்கான ஹெரான் சூத்திரத்திலும் இப்படி ஓர் எதிர்ம எண் தலைகாட்டும். சுற்றளவில் பாதியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது அந்தச் சூத்திரம். 13, 14, 15 என்றால் 21 × 8 × 7 × 6 = 7056, வர்க்கமூலம் 84. 3, 4, 8 என்றால் 7.5 × 4.5 × 3.5 × (−0.5), சுமார் −59. வர்க்கமூலம் எடுக்க வழியில்லை. பெரிய பக்கம் சுற்றளவில் பாதியைத் தாண்டிவிட்டால் ஒரு காரணி எதிர்மம் ஆகிவிடும், மற்ற மூன்றும் நேர்மமாகவே இருக்கும், ஆகவே பெருக்கல் கட்டாயம் எதிர்மம். விதியை இன்னொரு விதமாகவும் நினைவில் வைக்கலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது: எந்தப் பக்கமும் சுற்றளவில் பாதியைத் தொடக் கூடாது.

சமமாக வந்தால் என்ன என்ற உங்கள் மகளின் கேள்வியை நம் நாட்டில் 12-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் எடுத்துப் பேசியிருக்கிறார். இரண்டாம் பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய லீலாவதியில் ஒரு செய்யுள் உண்டு: நேர்கோட்டுப் பக்கங்கள் கொண்ட உருவம் என்று துணிச்சலாக ஒருவர் அளவு கொடுத்து, அதில் மற்றப் பக்கங்களின் கூடுதல் ஒரு பக்கத்தைவிடக் குறைவாகவோ அதற்குச் சமமாகவோ இருந்தால், அது உருவமே இல்லை என்று அறிந்துகொள் என்கிறார். அதற்கு அவர் பயன்படுத்தும் சொல் 'அக்ஷேத்திரம்'. எடுத்துக்காட்டாக அவர் தரும் முக்கோணம் 3, 6, 9. உங்கள் மகளின் 4, 6, 10 போலவே இரண்டு சேர்ந்து மூன்றாவதற்குச் சரிசமம். நாற்கரத்துக்கு 3, 6, 2, 12 கொடுக்கிறார். விளக்கத்தில், அந்த நீளத்துக்கு நேரான குச்சிகளை எடுத்துத் தரையில் வைத்துப் பார், பொருந்தாதது தெரியும் என்கிறார். இதை முதலில் படித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஈர்க்குச்சி வைத்து நாங்கள் மேசையில் செய்ததை எண்ணூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே அவர் செய்யச் சொல்லியிருக்கிறார்.

சமம் என்ற எல்லைக்குப் பக்கத்தில் நடப்பது நம் ஊகத்தை ஏமாற்றும். ஒரு கணக்கு: 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பம், நடுவே துணி காயப்போடக் கொடி கட்டுகிறீர்கள். கயிற்றின் நீளம் 10 மீட்டர் 2 செ.மீ. நடுவில் ஓர் ஈரத் துணியைப் போட்டால் கயிறு எவ்வளவு கீழே இறங்கும்? கயிறு நீளவே நீளாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 செ.மீ. கூடுதல்தானே, மூன்று நாலு செ.மீ. இறங்கும் என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால், பக்கங்கள் 10, 5.01, 5.01. 5.01-இன் வர்க்கம் 25.1001, அதில் 25-ஐக் கழித்தால் 0.1001, வர்க்கமூலம் 0.316. அதாவது 31 செ.மீ.க்கு மேல் இறங்கும். கூடுதல் 1 செ.மீ.தான் என்றாலும் 22 செ.மீ. இறங்கும். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கொடி நடுவில் தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். முக்கோணம் உண்டு, இல்லை என்ற எல்லையை ஒட்டி, நீளத்தில் மயிரிழை மாறினாலும் உயரம் சாண் கணக்கில் மாறிவிடும். நிலம் அளப்பவர்கள் ஒடுக்கமான, தட்டையான முக்கோணங்களைத் தவிர்ப்பதும் இதனால்தான். அளவில் சின்னப் பிசகு வந்தாலும் அங்கே பெரிதாகிவிடும்.

நிலம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. நண்பர் ஒருவர் ஒரு மனை வாங்கப் போனார். பத்திரத்தில் நான்கு புறமும் அளவு இருந்தது: வடபுறம் 42 அடி, கீழ்புறம் 28, தென்புறம் 40, மேல்புறம் 30. கூடவே வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்குக் குறுக்களவு 71 அடி என்று போட்டிருந்தது. என்னிடம் பரப்பளவு கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வடபுறமும் கீழ்புறமும் சேர்ந்தாலே 70 அடிதான். வேலியோரமாகச் சுற்றி நடந்தால் 70 அடி, நேர்க்குறுக்கே போனால் 71 அடியா? டேப் பிடித்து மறுபடி அளந்தார்கள், 51 வந்தது. தட்டச்சில் 5 இருக்க வேண்டிய இடத்தில் 7 விழுந்திருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்து விழும் முன்பே பார்த்துவிட்டதால் திருத்தம் சுலபமாக முடிந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் ஒரே ஒரு வடிவம்தான், அசையாது. நான்கு பக்கம் தெரிந்தால் நாற்கரம் ஒரே வடிவமாக இருக்க வேண்டியதில்லை. தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளில் செருகி இணைத்து இதைப் பார்க்கலாம், எளிய பொருட்களால் அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா பள்ளிகளில் பரப்பிய முறை. முக்கோணத்தை அழுத்தினால் நிற்கும், சதுரத்தை அழுத்தினால் சாய்ந்து ஒடுங்கும். தச்சர்கள் கதவுச் சட்டத்துக்குக் குறுக்குக் கட்டை அடிப்பது நாற்கரத்தை இரண்டு முக்கோணமாக்கத்தான். மேலே சொன்ன அதே நான்கு பக்கங்களுடன் குறுக்களவு 51 என்றால் பரப்பு ஏறத்தாழ 1,187 சதுர அடி. அதே நான்கு பக்கம், குறுக்களவு 60 என்றால் 1,059 சதுர அடிதான். 128 சதுர அடி எங்கே போனது என்று பத்திரத்தில் எழுதியிருக்கும் நான்கு பக்க அளவு சொல்லாது. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கும் வழக்கப்படி போட்டால் இரண்டுக்கும் 41 × 29 = 1,189 என்றே வரும். அந்த முறை எப்போதும் உண்மையான பரப்புக்குக் கீழே போகாது, செவ்வகத்துக்கு மட்டுமே சரியாக இருக்கும், வாங்குபவருக்கு நஷ்டம். பிரம்மகுப்தர் 628-இல் இந்த முறையைச் சொல்லும்போதே அதைத் தோராயப் பரப்பு என்றுதான் சொல்கிறார். நம் ஊர் புலப்படங்களில் (நில அளவை வரைபடங்களில்) வயலை ஜி லைன் என்ற குறுக்குக் கோடுகள் போட்டு முக்கோணங்களாகப் பிரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதன் காரணமும் இதுவே. மனை வாங்கினால் குறுக்களவு ஒன்றாவது கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு விளையாட்டு. 12 தீக்குச்சியை உடைக்காமல், எல்லாவற்றையும் பயன்படுத்தி, எத்தனை விதமான முக்கோணம் அடுக்கலாம்? பெரிய பக்கம் சுற்றளவில் பாதியைத் தொடக் கூடாது என்பதால் 5-க்கு மேல் போக முடியாது. 5-5-2, 5-4-3, 4-4-4, மூன்றே மூன்று. இப்போது ஒரு குச்சியை எடுத்துவிடுங்கள். 11 குச்சிக்கு 5-5-1, 5-4-2, 5-3-3, 4-4-3 என்று நான்கு வருகிறது! குச்சி குறைந்தால் முக்கோணமும் குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 4 குச்சிக்கு ஒன்றுகூட வராது, அதை அவளையே முயன்று பார்க்கச் சொல்லுங்கள். ஏன் வராது என்று அவளாகச் சொல்லிவிட்டால் விதி அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

பிற்பாடு அவள் கம்ப்யூட்டர் படித்தால் இன்னொரு ஆச்சரியமும் காத்திருக்கிறது. மூன்று எண் வாங்கி முக்கோணம் உண்டா என்று சொல்லும் நிரல், தொடக்கத்தில் எல்லாரும் எழுதும் பயிற்சி. அதில் 0.1, 0.2, 0.3 கொடுத்துப் பார்க்கட்டும். பாஸ்கரரின் 3, 6, 9 போலவே இதுவும் சரிசமம், முக்கோணம் கிடையாது. ஆனால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழிகளில் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் பயன்படுத்தும், 0, 1 மட்டுமே கொண்ட இரண்டடிமான எண்முறையில் 0.1-ஐ முழுத் துல்லியமாக எழுத முடியாததால் வரும் பிசகு இது. நிரல் அதை நம்பி, முக்கோணம் உண்டு என்று சொல்லிவிடும். தசம எண்களில் சமமா என்று பார்க்கும் இடத்தில் மில்லிமீட்டர் போன்ற சிறிய அலகுக்கு மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, இந்த விதியை எங்கே நம்பக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே நெடுநாள் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன். முக்கோண அடியும் மூன்று சாய்வு முகமும் கொண்ட கூம்பு போன்ற உருவத்தை நான்முகி என்கிறோம். அதற்கு ஆறு விளிம்பு. நான்கு முகங்களும் முக்கோணங்கள். அப்படியானால் ஆறு நீளங்களைக் கொடுத்து, நான்கு முகங்களிலும் இந்த விதி பொருந்தினால் நான்முகி கட்டிவிடலாம் என்றுதானே தோன்றும்? ஈர்க்குச்சியில் செய்து பாருங்கள். அடிக்கு 10 செ.மீ. குச்சி மூன்று, சமபக்க முக்கோணமாக. மேலே எழும்ப 5.5 செ.மீ. குச்சி மூன்று. சாய்வு முகம் ஒவ்வொன்றும் 10, 5.5, 5.5. கூட்டினால் 11, பத்தைத் தாண்டுகிறது, தனித்தனியாக ஒவ்வொரு முகமும் அருமையாக வரும். ஆனால் மூன்று குச்சியையும் மூன்று மூலையிலிருந்து நடுவே கொண்டுவந்து சேர்க்கப் போனால் சேராது. சமபக்க முக்கோணத்தின் மூலையிலிருந்து அதன் மையம் 10-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்த தூரத்தில், ஏறத்தாழ 5.77 செ.மீ.யில் இருக்கிறது. 5.5 செ.மீ. குச்சியைத் தரையோடு படுக்க வைத்தாலும் மையத்தை எட்டாது.

அண்ணன் மகள் இதை ஒரு மணி நேரம் கட்டிப் பார்த்தாள். இரண்டு குச்சி சேரும், மூன்றாவது முக்கால் செ.மீ.க்கும் மேல் தள்ளியே நிற்கும். பிறகு அவளாகவே மூன்றையும் 6 செ.மீ. நீளத்துக்குப் புதிதாக வெட்டினாள். களிமண் உருண்டையை உச்சியில் வைத்து அழுத்தியதும் நின்றது, ஒன்றரை செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகமான உயரத்தில், தட்டையான ஒரு கூரை மாதிரி.